மரினா காரில் ஏறாத ஞாயிறு

"அப்பா, இப்ப நீங்கள் ஒரு கூடாத பெடியன். சரியோ?"

அருள்நேசன் அடுப்படியில் நின்று விளைமீன் துண்டுகளுக்கு மஞ்சளும் உப்பும் பூசிக்கொண்டிருந்தான். அதிகாலை ஷிப்ட் முடிந்து வரும் புதன்கிழமைகளில் சமையல் அவனுடையது. மனைவி றோஸ்மலர் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையற்கூடத்தில் பகல் முழுதும் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்த பின்னும் அவளே கரண்டி பிடிப்பது நியாயமில்லை என்பது அவன் கட்சி. மன்னாரில் பிறந்தவன் ஆதலால் மீன் விஷயத்தில் அவன் எவரையும் நம்புவதில்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேன் மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், கடைக்காரனின் முகம் கறுத்த பிறகுதான் காசை நீட்டுவான்.

"கூடாத பெடியனோ? இவ்வளவு நாளும் கொம்மா என்னை நல்ல பெடியன் எண்டோ சொன்னவ?"

"பகிடி விடாதேங்கோ அப்பா. ஸ்கூல் ஹோம்வேர்க். நீங்கள் எனக்கு வேப் தரவேணும். நான் வேண்டாம் எண்டு சொல்லிப் பழகவேணும்."

அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பினான். மகள் கேட்டது விளையாட்டல்ல என்பது அவனுக்குத் தெரியும். போன தவணையில் ஒருநாள் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. மரினாவின் பைக்குள் ஒரு வேப், புகையிழுக்கும் மின்சிகரெட், கிடந்ததாம். அது அவளுடையதல்ல, அவள் அதை வாயில் வைத்ததுமில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி 'கொஞ்ச நேரம் வைச்சிரு' என்று நீட்டியிருக்கிறாள். இவள் வாங்கி வைத்திருக்கிறாள். ஏன் பிள்ளை வாங்கினாய் என்று கேட்டதற்கு, "தந்தா. வேண்டாம் எண்டு சொல்ல ஏலாமல் போச்சுது" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பதினான்கு வயதுப் பிள்ளையின் அந்த வசனம், வேப்பைக் காட்டிலும் அவனைப் பயமுறுத்தியது. இன்றைக்குக் கைக்குள் வைப்பதை மறுக்க முடியாதவள் நாளைக்கு எதைத்தான் மறுப்பாள்?

ஆகவே ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை தோறும் சுகநல வகுப்பு ஒன்று தொடங்கப் போகிறார்கள் என்று பாடசாலை அறிவித்தபோது, பெற்றார் கூட்டத்துக்கு முதலாவதாகப் போய் உட்கார்ந்தவன் அவன்தான். பஸ் சாரதியின் சீருடையோடே போனான். வெளியிலிருந்து வந்த நேர்ஸ் ஒருத்தி, வேப், மது, நித்திரையைக் கெடுக்கும் போன், அனுப்பக்கூடாத படங்கள், ஏறக்கூடாத வாகனங்கள் என்று கிழமைக்கொன்றாகப் படிப்பிக்கப் போவதை விளக்கினாள். கேள்விகள் உண்டா என்றதும் அவன் எழுந்தான். "எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வழி கேட்கப் பழக்கிவிட்டோம். மறுக்கப் பழக்கவில்லை. அதை நீங்கள் பழக்குங்கள்" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னான். நேர்ஸ் அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டுத் தலையசைத்தாள். இரண்டு நாள் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே திரிந்தான்.

இப்போது அவன் ஒரு தேக்கரண்டியை எடுத்து வேப்பாகப் பாவித்துக்கொண்டு மகளின் முன்னால் நீட்டினான்.

"இந்தா பிள்ளை. ஒருக்கா இழுத்துப் பார்."

"வேண்டாம்."

"சும்மா ஒருக்கா. என்ரை மனத்திருப்திக்கு."

"வேண்டாம்!"

"அட, இவ்வளவு தூரம் வந்திட்டு ஒண்டும் எடுக்காமல் போறதோ? நான் என்ன நினைக்கிறது?"

மரினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, வேப் தாறவன் இப்பிடிக் கதைக்கமாட்டான். நீங்கள் சோறு போடுற மாதிரி எல்லோ கதைக்கிறீங்கள்!"

உள்ளே சீருடையை மாற்றிக்கொண்டிருந்த றோஸ்மலர் குரல் கொடுத்தாள்: "அவருக்குத் தெரிஞ்ச வன்முறை அது ஒண்டுதான் பிள்ளை."

அவள் சொன்னதில் பிழையில்லை. அவர்களுடைய சனத்தின் வீடுகளில் 'வேண்டாம்' என்பது மறுப்பாக எடுக்கப்படுவதில்லை. விருந்தாளி இரண்டு தரமாவது அதைச் சொல்லவேண்டும், சொல்லாதவன் அவசரக்காரன். வீட்டுக்காரர் அதற்கு மேலும் ஒரு தரம் வற்புறுத்தவேண்டும், வற்புறுத்தாதவர் மனமில்லாதவர். கோப்பையைக் கையால் மூடினால் விரல் இடுக்கால் சொதியை ஊற்றுவார்கள். இந்த ஒழுங்கில் பிறந்து வளர்ந்தவர்களின் காது, அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்த கரண்டியைத் தேடிப் போகும். அது அன்பு. அன்பு என்பதாலேயே அதில் உள்ள இடைஞ்சல் எவருக்கும் தெரிவதில்லை.

வகுப்பில் படிப்பித்த முறை வேறு. மரினா கால்களைச் சேர்த்து நின்று ஒப்புவித்தாள்: ஆளின் கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும்; ஏன் என்பதற்கு ஒரு காரணம் போதும், பத்துக் காரணம் சொன்னால் பத்தையும் உடைப்பார்கள்; அதன் பிறகு, செய்யக்கூடிய வேறொரு வழியைச் சொல்லவேண்டும். மீன் குழம்பு கொதித்து இறங்கும் வரை தகப்பனும் மகளும் அதைப் பழகினார்கள். முதலில் அவள் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது. பிறகு மெல்ல வெளியே வந்தது. ஒருதரம் அவள் அவன் கண்ணை நேரே பார்த்து, "எனக்கு வேண்டாம். அது என்ரை நெஞ்சுக்குக் கூடாது. வா, வெளியிலை போவம்" என்று சொன்னபோது அவனுக்கே கரண்டியைக் கீழே வைக்கவேண்டும் போலிருந்தது.

"கெட்டிக்காரி! இனி உன்னை ஒருத்தனும் அசைக்க ஏலாது" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் நிசாந்தனின் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயிலில் பூசை முடிந்து, வெம்பிளியில் ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. ஆனி மாத வெயில் லண்டனுக்கு அத்திபூத்தாற்போல் வருவது. அன்றைக்கு வஞ்சகமில்லாமல் எறித்தது. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாகச் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். மட்டன் றோல்ஸ் தட்டுகள் வந்த வேகத்தில் வெறுமையாகின. பிறைட் றைஸ், கோழிக்கறி, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி என்று மேசை நிறைந்திருந்தது. பெண்கள் ஒருவர் சேலையை ஒருவர் தொட்டுப் பார்த்து விலை கேட்டார்கள். மண்டபத்துக்குள் மதுவுக்கு அனுமதியில்லை. அதனால் ஆண்கள் மெல்ல மெல்ல, காற்று வாங்கப் போகிறவர்கள் போல, பின்பக்கத்துக் கார்த்தரிப்பிடத்துக்கு நகர்ந்தார்கள்.

அங்கே இன்னொரு பழைய நண்பன் சுஜீத்தின் காரில், சாமான் வைக்கும் பின்பெட்டியான பூட் திறந்திருந்தது. ஐஸ் பெட்டி, பிளாஸ்ரிக் கப்புகள், கடதாசிப் பைக்குள் போத்தல்.

அருள்நேசன் அன்றைக்குக் குடிப்பதில்லை என்ற எண்ணத்தோடுதான் போனான். மறுநாள் ஷிப்ட் பின்னேரம்தான் என்றாலும், வெயிலுக்குத் தலையிடிக்கும் என்று நினைத்திருந்தான்.

"எனக்கு வேண்டாம் மச்சான்."

"வேண்டாமோ? இந்தா, சின்னனாய்."

"இல்லையடா, உண்மையா வேண்டாம்."

"நிசாந்தன்ரை பிள்ளைக்கு முதல் நன்மை. நீ குடிக்காட்டி அந்தப் பிள்ளைக்கு ஆசீர்வாதம் பலிக்குமோ?" என்றான் சுஜீத். கப் கைக்குள் வந்துவிட்டது.

குடி மட்டும் அவனை அங்கே நிறுத்தி வைக்கவில்லை. அந்த பூட்டின் மூடி மேலெழும்பும்போதெல்லாம் அவர்களுக்கு வேறொரு கதவு திறந்துகொள்ளும். வெம்பிளியில், கடையொன்றின் மேல்மாடியில் ஓர் அறை. ஊரை விட்டு வந்த புதிதில் அவன், நிசாந்தன், சுஜீத் மூவரும் இன்னும் நாலைந்து பெடியளும் அதில் படுத்தெழும்பினார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரேயொரு தடித்த குளிர்க்கோட்டு இருந்தது. எவன் வேலைக்கு வெளிக்கிடுகிறானோ அவனுக்கு அது. நிசாந்தன் பெற்றோல் நிலையத்திலிருந்து விடியப் பனிக்குள் வந்து கோட்டைக் கழற்ற, அந்தச் சூடு ஆறுமுன் அருள்நேசன் அதை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவான். மற்றவனின் உடம்புச் சூட்டில் வேலைக்குப் போன காலம் அது. பருப்புக்குத் தேங்காய்ப்பால் இல்லாமல் பால்மாவைக் கரைத்து விட்டு, அதற்கும் ஊர்ச் சுவை இருக்கிறதென்று ஒருவருக்கொருவர் பொய் சொன்னார்கள். இன்று மூவருக்கும் வீடிருக்கிறது, காரிருக்கிறது, ஆளுக்கு மூன்று நாலு கோட்டிருக்கிறது. அந்த அறைக்குத் திரும்பிப் போக ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அது இந்த பூட்டுக்குள்ளால் போனது. நீட்டிய கப்பைத் தள்ளுவது அந்த அறையைத் தள்ளுவது போல அவனுக்குப் பட்டது.

"அந்தக் கோட்டு இப்ப எங்கையடா?" என்று கேட்டான் அருள்நேசன்.

"இவன் சுஜீத் அதைப் போட்டுக்கொண்டுதானே பொம்பிளை பாக்கப் போனவன்!" என்றான் நிசாந்தன்.

"போனன்தான். அவையள் கோட்டுக்குத்தான் ஓமெண்டவை. கலியாணத்துக்குப் பிறகுதான் உள்ளுக்கை நான் இருக்கிறது தெரிஞ்சது."

சிரிப்பில் இரண்டாவது கப் ஊற்றப்பட்டது எவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கூட்டங்களில் இன்னொரு வழக்கமுண்டு. ஆண்கள் பூட்டைச் சுற்றி நிற்க, மண்டபத்திலிருந்து பைற்ஸ் என்ற தொடுகறிகளைக் கொண்டுவருவது பிள்ளைகளின் வேலை. நடை பழகிய வயதிலிருந்து மரினாவும் கொண்டுவந்திருக்கிறாள். அன்றைக்கும் கணவாய்ப் பிரட்டல் தட்டோடு அவள் வந்தபோது, சுஜீத் கேட்க, அருள்நேசன் தன் கரடிக் கதையைத் தொடங்கியிருந்தான். அறையில் இருந்த காலந்தொட்டு அவன் சொல்லிவரும் கதை.

"மடுப் பக்கத்துக் காட்டிலை இலுப்பை பூத்துக் கொட்டிக் கிடக்குது. ஒரு கரடி விழுந்து விழுந்து திண்டிட்டுது. திண்டாப் பிறகு அவருக்கு வெறி. ஆத்தங்கரைக்கு வாறார். ஆறு பெருக்கெடுத்துப் போகுது. யானை கரையிலை நிண்டு யோசிக்குது. கரடியார் சொல்லுறார், 'என்ன யோசினை? இது எனக்கு முழங்கால் தண்ணி.' யானை மரியாதைக்கு 'அப்ப நீங்கள் முன்னுக்குப் போங்கோ' எண்டுது. இறங்கினார். தண்ணி அவரைச் சுழட்டி, உருட்டி, பிரட்டி, அங்காலை ஒரு கரையிலை கொண்டுபோய் எறிஞ்சுது. எழும்பினார். மயிரைச் சிலுப்பினார். திரும்பிப் பாத்துச் சொன்னார், 'நான் சொன்னனானெல்லே, முழங்கால்தான்!'"

நூறு தரம் கேட்டவர்களும் புதிதாகச் சிரித்தார்கள். மரினா தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"கரடியின்ரை முதுகிலை குட்டி இருக்கேல்லையோ, அப்பா?"

"குட்டியோ? கதையிலை குட்டி இல்லையே, பிள்ளை."

"கரடியள் குட்டியை முதுகிலைதானே ஏத்திக்கொண்டு போறவை. ரீவீயிலை பாத்தனான்."

"அச்சா! உன்ரை மகள் கரடிக்குக் குடும்பம் குட்டி எல்லாம் தேடுறா" என்றான் நிசாந்தன். அவர்கள் மறுபடி சிரித்தார்கள். அவள் தகப்பனின் கப்பைப் பார்த்தாள்.

"இது எத்தினையாவது?"

"முதலாவது" என்றான் அருள்நேசன். மூன்றாவதை அப்போதுதான் சுஜீத் ஊற்றி முடித்திருந்தான்.

"பொலிஸ் வந்திட்டுது, ஒளியுங்கோ!" என்றான் சுஜீத். மரினா தட்டைப் பூட்டின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பின்னேரம் மண்டபத்தை ஒழித்துக் கொடுக்கும் நேரமாயிற்று. நிசாந்தனின் மனைவி மிஞ்சிய சாப்பாட்டைப் பார்சல் கட்டி எல்லார் கையிலும் திணித்துக்கொண்டிருந்தாள். றோஸ்மலர் இரண்டு பைகளோடு காரடிக்கு வந்தாள். அருள்நேசன் கதவைத் திறந்துவிட்டு நின்றான். மரினா நாலடி தள்ளி, சுவரோரமாக நின்றாள்.

"ஏறு பிள்ளை."

"நான் ஏறேல்லை அப்பா."

"ஏன், கோவமோ?"

"கோவமில்லை. ஏறேல்லை."

சுஜீத் பக்கத்துக் காரில் சாய்ந்தபடி, "பிள்ளைக்குக் கேக் காணாமல் போச்சுது போலை. டேய் நிசாந்தன், இன்னொரு துண்டு கொண்டுவா!" என்று சத்தமிட்டான். நிசாந்தன் மெய்யாகவே ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"வேண்டாம் மாமா."

"அட, எடம்மா. வெக்கமோ?"

"வேண்டாம், மாமா."

"அப்ப முன் சீற்றிலை இருக்கப்போறீரோ? றோஸ் அக்கா, நீங்கள் பின்னுக்குப் போங்கோவன், பிள்ளை ஆசைப்படுறா."

போகப் புறப்பட்ட இன்னும் சிலர் வந்து கூடினார்கள். ஒருத்தி அவள் தலையைத் தடவினாள். ஒருத்தி காய்ச்சலோ என்று கழுத்தில் கைவைத்தாள். இன்னொருத்தி, தங்கள் வீட்டுக்கு வந்து நிற்கப் போகிறாயா என்று கேட்டாள். அத்தனை பேரும் அவளுக்கு எதையோ கொடுக்க முனைந்தார்கள். அவள் சொன்னதை எடுக்கத்தான் அங்கே ஆளில்லை.

மரினா இரண்டடி முன்னால் வந்து, கால்களைச் சேர்த்து நின்று, தகப்பனின் கண்ணைப் பார்த்தாள்.

"அப்பா, நான் ஏறமாட்டன். நீங்கள் குடிச்சிருக்கிறீங்கள். வாங்கோ, நாங்கள் பஸ்ஸிலை போவம்."

கேக் துண்டு நிசாந்தனின் கையில் நின்றது. அருள்நேசனுக்கு முகத்தில் யாரோ கொதிநீரை ஊற்றினாற்போல் இருந்தது. அடுப்படியில் தானே கேட்டுக் கேட்டுத் திருத்திய வசனம் அது.

"ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ? இந்த லண்டனிலை இருவது வருசமா டபிள் டெக்கர் ஓட்டுறன். ஒரு கண்ணாடி உடைச்சிருக்கிறனோ?"

"வேலைக்குப் போகேக்கை நீங்கள் குடிக்கிறேல்லை, அப்பா. விடிய ஷிப்ட் எண்டால் முதல் நாளும் தொடமாட்டீங்கள்."

"அது வேலை. ஊதிப் பாப்பான். வேலை போயிடும்."

"ஆரெண்டே தெரியாத சனத்தை ஏத்திக்கொண்டு போறதுக்கு ஒரு சொட்டும் குடிக்கமாட்டீங்கள். எங்களை ஏத்திக்கொண்டு போகேக்கைதானே குடிக்கிறீங்கள்?"

அருள்நேசன் குரலைத் தணித்தான். கோபத்தால் ஆகாது என்று கண்டு, தன்னிடமிருந்த மிக இனிய சாட்சியை வெளியே எடுத்தான்.

"பிள்ளை, நீ சின்னனிலை இந்த மாதிரி எத்தினை பார்ட்டிக்கு வந்திருக்கிறாய். முடிய, பின் சீற்றிலை சுருண்டு நித்திரை. ஒரு ஆட்டம் அசைவு தெரியாமல் கொண்டுவந்து சேத்திருக்கிறன். வீட்டு வாசலிலை இருந்து நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துறது. ஒருநாள் எண்டாலும் ஏதும் நடந்ததோ? சொல்லு."

சொல்லும்போதே அவன் குரல் இளகியது. லண்டன் வாழ்க்கையில் அவன் பொன்னாக முடிந்து வைத்திருந்தது அந்தப் பயணங்களைத்தான். கோடைப் பின்னேர வெளிச்சம், கண்ணாடிக்குள் தெரியும் சின்ன முகம், தோளில் சாய்ந்த தலையில் கோயில் சாம்பிராணியும் மண்டபத்துக் கேக்கும் கலந்த வாசம், கழுத்தை வளைத்துக்கொண்ட கை. ஷிப்டில் அலுத்துப்போய், வெறும் பஸ்ஸைக் கொண்டுபோய்க் கராஜில் விடும் இரவுகளில் அவன் அதை நினைத்துக்கொள்வான். ஒரு மனிதன் இந்தப் பாரினில் அடைந்தது என்னவென்று யாரும் கேட்டால், அந்தப் பாரத்தைத் தூக்கிப் படியேறியதைத்தான் சொல்லியிருப்பான்.

மரினா நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நான் நித்திரை இல்லை, அப்பா."

"என்ன?"

"நித்திரை மாதிரி இருந்தனான். முழிச்சிருந்தால் றோட்டைப் பாக்கவேணும். பாத்தால் பயம் வரும். அதாலை கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுவன். வீடு வந்தாப் பிறகு நீங்கள் தூக்குவீங்கள். அது விருப்பம். அதாலை பிறகும் கண்ணைத் திறக்கிறேல்லை."

அருள்நேசன் கார்க் கதவைப் பிடித்தான். கழுத்தை வளைத்த அந்தக் கை அவ்வளவு இறுக்கமாக இருந்ததன் காரணம், இத்தனை வருடம் கழித்து, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவனுக்கு விளங்கியது.

றோஸ்மலர் பைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இஞ்சருங்கோ, நானும் எத்தினை நாள் சொன்னனான். வேண்டாமப்பா, ட்ரெயினிலை போவம் எண்டு. நீங்கள் சிரிச்சுப்போட்டுக் கதவைத் திறந்து விடுவீங்கள். நானும் ஏறிவிடுவன்" என்றாள். குரலில் குற்றச்சாட்டில்லை, களைப்பிருந்தது. அவள் நடந்து போய் மகளின் பக்கத்தில், சுவரோரமாக நின்றாள்.

"மச்சான், அவையள் பஸ்ஸிலை போகட்டும். நீ நில். ஆறுதலா ஒண்டைப் போட்டிட்டுக் காரைக் கொண்டு போ" என்று தோளில் கைபோட்டான் சுஜீத். அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நண்பனின் முகத்தைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அருள்நேசன் அந்தக் கையை எடுத்துவிட்டான். கார்க் கதவைச் சாத்தினான். திறப்பை அழுத்தினான், விளக்குகள் ஒருதரம் மின்னிப் பூட்டிக்கொண்டன. அவர்கள் மூவரும் வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதும் அவனுக்குக் கேட்டது.

ஹரோ போகும் பஸ்ஸில் மேல்தட்டு முன்னிருக்கையில் மரினா தனியே போய் உட்கார்ந்தாள். பின்னிருக்கையில் அவனும் றோஸ்மலரும். பார்சல்களிலிருந்து கோழிக்கறி வாசம் பஸ் முழுதும் பரவியது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த வழியை அவன் கீழே, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து பார்க்கிறவன். மேலேயிருந்து பார்க்க மரக்கிளைகள் கண்ணாடியில் அடித்துக்கொண்டு போயின. தன் பஸ்ஸில் மேலே இருப்பவர்கள் இப்படித்தான் துணுக்குறுவார்கள் போலும் என்று நினைத்தான்.

றோஸ்மலர் அவன் காதருகே குனிந்தாள். "புதன்கிழமை வகுப்பிலை கேப்பினம், வீட்டிலை பழகினதை எங்கையும் பாவிச்சியோ எண்டு. இவள் இதைச் சொன்னாளெண்டால்? எங்கடை ஸ்கூலிலை நான் பாக்கிறனான். பிள்ளையள் ஒரு கதை சொன்னால் அதை மேலை அனுப்புவினம். சோசல் சேர்விஸ் வீட்டுக் கதவைத் தட்டும். உங்கடை கராஜுக்குத் தெரிஞ்சால்?"

அவனுக்கும் அதே பயம் நெஞ்சுக்குள் புரண்டுகொண்டிருந்தது. இந்த நாட்டில் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போன கதைகள், உண்மையும் பொய்யுமாக, அவர்களுடைய ஒவ்வொரு வீட்டிலும் உலவுகின்றன.

தாழ்த்திப் பேசியும் அது முன்னே கேட்டுவிட்டது. மரினா திரும்பவில்லை. "நான் சொல்லேல்லை, அம்மா. வேறை ஏதும் சொல்லுறன். கடையிலை ஒருத்தி வேப் தந்தவ, வேண்டாம் எண்டு சொன்னனான் எண்டு சொல்லுறன்" என்றாள்.

றோஸ்மலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். அருள்நேசனும் விட்டிருக்கலாம். மகளே பொய்யை ஆயத்தம் செய்து வைத்துவிட்டாள். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பஸ் இரண்டு தரிப்பிடங்களைக் கடந்தது. மகளின் பின்தலையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் முன்னே அத்தனை பேருக்கு நடுவில் நிமிர்ந்து நின்ற தோள்கள் இப்போது உள்ளே மடங்கியிருந்தன. யாரோ தந்ததைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டிருந்த நாளில் அவள் நின்ற மாதிரியே இருந்தாள். இந்தத் தடவை அதைத் தந்தவன் அவன்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சாராய வாடை அவளுக்கு அடிக்கும் என்று முகத்தைச் சற்றே மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"நடந்ததைச் சொல்லு."

"அப்பா, கேள்வி கேப்பினம்."

"கேக்கட்டும். கதவைத் தட்டினால் நான் திறக்கிறன். எனக்காக நீ ஒண்டையும் வைச்சிருக்கத் தேவையில்லை."

நோர்த்விக் பார்க் சந்திக்கு அப்பால் ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறியது. "கரடியின்ரை குட்டிக்கு என்ன நடந்தது எண்டு நீங்கள் ஒருநாளும் யோசிக்கேல்லையோ?" என்று கேட்டாள் மரினா.

"இல்லை" என்றான் அவன். உண்மை அதுதான்.

திங்கட்கிழமை காலை அவன் காரை எடுக்க மெற்றோபொலிற்றன் ரயிலில் தனியே போனான். ஷிப்ட் பின்னேரம்தான். இரவு முழுதும் அவன் பயந்ததெல்லாம், தன் கார் அங்கே தனியாக, சனம் பார்க்க, மானம் போய் நிற்குமே என்பதைத்தான்.

மண்டபத்துக் கதவு பூட்டியிருந்தது. காப்பாளர் நிலத்தில் கிடந்த பிளாஸ்ரிக் கப்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அகன்ற கார்த்தரிப்பிடத்தில், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில், அவனுடைய கார் ஒன்றுதான் நின்றது. அவன் கிட்டப் போகாமல் நின்று அந்த வெறுமையைப் பார்த்தான். இந்தக் கோட்டுக்குள் சுஜீத் நின்றான், அங்கே நிசாந்தன், மூலையில் யாரோ ஒருவனின் நீல வான் வண்டி. பூட்டைச் சுற்றி நின்ற ஒவ்வொருவனும் நேற்றைக்கு இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஒவ்வொரு காருக்கும் பின் சீற்று இருந்தது.

போனை எடுத்து நிசாந்தனை அழைத்தான்.

"என்னடா, மகள் உன்னை வெளியிலை விட்டவவோ?" என்று சிரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினான் நிசாந்தன். "மனத்திலை வைக்காதை மச்சான். சின்னப் பிள்ளை. நாங்கள் ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை."

"நீங்கள் வீட்டை வந்து சேந்தியளோ?"

"என்ன?"

"நேற்று. நீயும் மனிசியும் பிள்ளையளும். சுகமாய் வந்து சேந்தியளோ? சுஜீத் ஆக்கள் போய்ச் சேந்தாச்சோ?"

"ஓமடா, எல்லாரும் சேந்தாச்சு. சேராமல் எங்கை போறது? நேற்றுத்தானோ நாங்கள் கார் ஓட்டப் பழகினது?" நிசாந்தன் சிரித்தான். பிறகு, மறுபக்கத்தில் சிரிப்பு வராததைக் கேட்டு, குரலை இறக்கினான். "என்ன மச்சான் இது, ஒருநாளும் இல்லாத கேள்வி?"

"இவ்வளவு நாளும் கேக்கேல்லை. அதுதான் கேக்கிறன்" என்றான் அருள்நேசன். நிசாந்தன் போனை வைக்கவில்லை.